கிதியோன் முதலில் சிரித்த இடம்

ஜூலை 3, வியாழன்

இந்த டைரி பல் டாக்டர் கொடுத்தது. என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, ஆறுதலுக்கு இதைக் கையில் திணித்து அனுப்பினார். பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு பல் அறிவுரை. இன்றையது: 'கோபத்தில் பல் தேய்க்காதீர்கள், ஈறு தேயும்.' ஆறு மாதம் சும்மா கிடந்ததை இன்று திறந்ததற்குக் காரணம் சுகிர்தா.

சுகிர்தா என் தம்பி கிதியோனின் மனைவி. நான் தபால் நிலையத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வந்து நின்றாள். அடுத்த மாதம் ஒன்பதாம் தேதியோடு தம்பி போய் ஒரு வருஷம். கோயிலில் ஆராதனை முடிந்து நினைவுநாள் கூட்டம். வருகிறவர்களுக்குக் கொடுக்க, அவன் போட்ட கேலிச்சித்திரங்களில் முப்பதைப் பொறுக்கி ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கிறாளாம். முன்னுரை நான் எழுத வேண்டுமாம்.

"நீங்க எழுதினாத்தான் மதினி சரியா இருக்கும். அவிய படம் போட்டதே ஒங்க எழுத்துக்குத்தான?"

"எழுதுதேன்."

"வேடிக்கையாவே எழுதுங்க. யாரையும் அழ வச்சிராதிய. ஆனா..." காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மாரடைப்புன்னே இருக்கட்டும்."

"அதுக்கென்ன, இருக்கட்டும்."

சொல்லிவிட்டேன். பதினாறு வருஷம் ஒரு வாரப் பத்திரிகையில் 'சும்மா இராத வாய்' என்று பத்தி எழுதி, பக்கத்து வீட்டுக் குக்கரைக்கூட விட்டுவைக்காதவள் நான். இந்தப் பதினொரு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. முன்னுரைக்கு முன் கை பழகட்டும் என்றுதான் இந்த டைரி. பாடகிகள் மேடையேறுமுன் தொண்டையைச் செருமுவார்களே, அதுபோல.

ஜூலை 5, சனி

டிரங்குப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினோம். 'இறக்கினோம்' என்றால் வீட்டுக்காரர் இறக்கினார், நான் கீழே நின்று "பாத்து, பாத்து" என்றேன். அவர் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். கழுத்து விசில் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. பால்காரரைக்கூட விசில் அடித்துத்தான் நிறுத்துகிறார்.

பெட்டி நிறைய பழைய இதழ்கள். ஒவ்வொன்றிலும் என் பத்தி, அதற்குக் கிதியோனின் படம். அவன் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டரை எங்கள் வாசலில் சாய்ப்பான். தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சித் துவையலும் வைத்துச் சோறு போடுவேன். அவன் சாப்பிட, நான் அந்த வாரப் பத்தியை வாசிப்பேன். ஒருநாளும் கையில் வாங்கிப் படித்தது கிடையாது. எந்த இடத்தில் முதலில் சிரிக்கிறானோ அந்த இடம்தான் படம். சிரிக்காவிட்டால் படம் கிடையாது. இதுதான் எங்கள் சட்டம். ஒருதடவை தலைப்புக்கே சிரித்துப் புரையேறி, மிச்சத்தைக் கேட்காமலே வரைந்துவிட்டான். படத்துக்கும் எழுத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று பத்திரிகையிலிருந்து கடிதம் வந்தது. "அப்ப எழுத்த மாத்து" என்றான்.

எல்லாப் படத்திலும் நான் உண்டு. முதலில் மூக்கு வரும், பின்னால் நான் வருவேன்.

"ஏலே, எனக்கு இவ்வளவு பெரிய மூக்கா?"

"எக்கா, ஊர்க்காரியம் எல்லாத்துலயும் நுழையணும்லா. வேலைக்குத் தக்கன போட்டிருக்கேன்."

எண்ணூறு மூக்குக்குக் குறையாது. அதில் முப்பதைப் பொறுக்க வேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

கோயில் வாசலில் ரெஜினா டீச்சர் பிடித்துக்கொண்டாள்.

"கிதியோன் தம்பிக்கு அப்படி ஆனதுக்கு அப்புறந்தான் எப்சி, எங்க வீட்டுக்காரவ காலையில நடக்கவே போறாவ."

உண்மைதான். அவனுடைய 'மாரடைப்பு'க்குப் பிறகு எங்கள் சபையில் பதினொரு பேர் விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றுகிறார்கள். நான்கு பேர் முட்டையில் மஞ்சள் கருவை விட்டுவிட்டார்கள். பாடகர் குழுவில் பருமனாக இருந்த சாமிதாஸ் இளைத்ததில், பவனி வரும்போது அவருடைய அங்கி மட்டும் தனியாக நடந்து வருவதுபோல இருக்கிறது. உயிரோடிருந்தபோது ஒருத்தரையும் பத்தடி நடக்க வைக்காதவன், போன பிறகு பாளையங்கோட்டையில் பாதிப் பேரை நடக்க வைத்துவிட்டான்.

டீச்சருக்குத் தெரியும். டீச்சருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். இரண்டு பேரும் நின்று கொழுப்பைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினோம்.

கிதியோனுக்கு இருதயம் நன்றாகத்தான் இருந்தது. நாற்பத்தாறு வயதில் அவனாகவே போனான். அதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது. பீரோவில் பூட்டி வைக்கிற இந்த டைரியில்கூட எழுத வரவில்லை. இன்றைய அறிவுரை: 'கடினமானவற்றைக் கடிக்காதீர்கள்.' சரி டாக்டர்.

ஜூலை 10, வியாழன்

சொதி வைத்தேன். மீந்துபோனது.

ஜூலை 13, ஞாயிறு

பெர்சிஸ் வந்தாள். கிதியோனின் ஒரே மகள். பத்தொன்பது வயது, கல்லூரியில் இரண்டாம் வருஷம், வாலிபால் அணியில் வலை ஓரம் நின்று குதிக்கிறவள். எங்கள் வீட்டு ஒட்டடையை நாற்காலி போடாமல் எடுத்துவிடுவாள், அவ்வளவு உயரம்.

அவளை அணியிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். புதிதாக வந்த விளையாட்டு ஆசிரியை எல்லாருக்கும் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார். 'குடும்பத்தில் இளவயதில் யாருக்காவது இருதய நோய் உண்டா?' என்ற கேள்விக்குச் சுகிர்தா, ஊருக்குச் சொன்னதையே படிவத்துக்கும் சொல்லிவிட்டாள்.

"இருதய டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வந்தாத்தான் கோர்ட்டுல கால் வைக்கணுமாம் மாமா" என்றாள் பெர்சிஸ்.

வீட்டுக்காரர் விசிலை வாயில் வைத்து ஒரு ஊது ஊதினார். "எவ அவ? முப்பத்துமூணு வருசம் பிள்ளையளக் குதிக்க விட்டிருக்கேன். ஒருத்திக்கும் ஒண்ணும் ஆவல!"

"வீட்டுக்குள்ள ஊதாதிய" என்றேன்.

பெர்சிஸ் பந்தை மடியில் வைத்து அதன் தையலை நகத்தால் தடவிக்கொண்டிருந்தாள். அப்பாவைப்போலவே வந்ததும் என் மூக்கைப் பற்றி ஏதாவது ஒன்று சொல்லுவாள். இன்று சொல்லவில்லை. என் மூக்குக்கு ஒருநாள் விடுமுறை என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

விடுப்புப் போட்டு நானே அவளை இருதய டாக்டரிடம் கூட்டிப்போனேன். அங்கேதான் நான் நானாக இருந்து தொலைத்தேன்.

"அவங்க அப்பாவுக்கு முன்னாடியே நெஞ்சுவலி ஏதும் இருந்துச்சாம்மா?" என்று கேட்டார் டாக்டர். சின்ன வயது, நல்ல முகம்.

இல்லை என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் என் வாய், ஒரு பொய்யைச் சட்டை போடாமல் வெளியே அனுப்பாது. "மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும் டாக்டர். வாழைக்காய் பஜ்ஜின்னா உசுரு" என்றேன். அவர் எழுதினார். நான் சொல்லுவதை யாராவது எழுதினால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். "எங்க பெரியப்பாவும் இப்படித்தான், நாற்பத்தெட்டுல" என்றேன். அவருடைய பேனா வேகமாக ஓடியது. "பெரியப்பா மகனுக்கும் லேசா..." என்று தொடங்கும்போது பெர்சிஸ் என் முழங்கையில் கிள்ளினாள்.

எல்லாப் பரிசோதனையும் எடுத்தார்கள். ஓடுகிற இயந்திரத்தில் அவளை ஏற்றினார்கள், இயந்திரம்தான் களைத்தது. இருதயம் குதிரைக்கு இருப்பதுபோல இருக்கிறதாம். ஆனாலும், "குடும்பத்துல இத்தனை பேருக்குன்னா நான் துணிஞ்சு எழுத முடியாதும்மா. ஆறு மாசம் விளையாட்டு வேண்டாம். ஜனவரியில மறுபடி பாப்போம்" என்று சீட்டு கொடுத்தார்.

இல்லாத பெரியப்பாவைக் கொன்றதற்கு ஆறு மாதம். தண்டனை எனக்கல்ல, அவளுக்கு.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"பெரியப்பா யாரு அத்தை?"

"சும்மா ஒரு பேச்சுக்கு."

"ம்."



ஜூலை 17, வியாழன்

பெர்சிஸ் படங்களைத் தேதிவாரியாக அடுக்கித் தந்தாள். விளையாட்டு இல்லாததால் நேரம் இருக்கிறதாம். சொல்லிக்காட்டுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

"அத்தை, போன வருசம் ஜூன்ல ஒண்ணு கொறயுது. 'சிரிப்பைக் காணோம்'னு எழுதினியல்லா, அது."

"கரையான் அரிச்சிருக்கும்."

"இத்தனைக்கு நடுவுல அந்த ஒண்ண மட்டுமா?"

"படிச்ச கரையான்."

அவள் பெட்டியை மூடிவிட்டு என்னையே பார்த்தாள். நான் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போனேன். அடுப்பே பற்ற வைத்திருக்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

முன்னுரை, ஐந்தாவது வடிவம். அவன் ஐந்து வயதில், அப்போதிருந்த சபைப் போதகர் ஐயரவாளின் வெள்ளை அங்கியில் கரித்துண்டால் மாடு வரைந்தது, கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் கோட்டின் உள்பையில் பென்சில் வைத்திருந்து, தாலி கட்டும் நேரத்தில் குத்தி அலறியது, எல்லாம் இருக்கிறது. கடைசியில் 'எதிர்பாராத மாரடைப்பால்' என்ற இடம் வந்ததும் பேனா மக்கர் செய்யும் ஸ்கூட்டர்போல நின்றுவிடுகிறது.

வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ பந்தப் போடாமலே ஓடிட்டு இருக்க."

"ஒங்களுக்கு எல்லாமே பந்துதானா?"

"எனக்குத் தெரிஞ்சதத்தான சொல்ல முடியும்."

ஜூலை 24, வியாழன்

சாயங்காலம் பெர்சிஸ் தானாக வந்தாள். கிதியோன் உட்காருகிற இடத்திலேயே உட்கார்ந்தாள், அவளுக்குத் தெரியாது. சோறு போட்டுச் சொதி ஊற்றினேன்.

"அத்தை, இருதயம் நல்லா இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. இன்னொண்ணு கேக்கணும். அப்பாக்கு இருந்தது எனக்கும் வருமா?"

"சாப்பிடு. ஆறுதுல்லா."

"யாருகிட்ட கேக்கன்னு தெரியல. அம்மாகிட்ட கேட்டா அழுவா. டாக்டர்கிட்ட போனா நீங்க பஜ்ஜி கதை சொல்லுவிய." கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். "காலையில எந்திக்க முடியல அத்தை. பந்தத் தொடவே பிடிக்கல. டீம்ல நிப்பாட்டினதே நல்லதுன்னு இருக்கு."

"பத்தொன்பது வயசுல காலையில எந்திச்சாத்தான்டி வியாதி" என்றேன்.

சிரித்தாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். நல்ல பிள்ளை.

ஜூலை 25, வெள்ளி

சிரித்தது அவள் வாய் மட்டும்தான். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் நேற்று 'நல்ல பிள்ளை' என்று எழுதி முடித்தேன்.

சரி, எழுதுகிறேன். போன வருஷம் ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை. அதே இடம், அதே சொதி. கிதியோன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "எக்கா, ஒரு மாசமா எனக்குச் சிரிப்பே வரல. வாய் சிரிக்கு. நான் ஒரு ஓரமா நின்னு அதைப் பாத்துட்டு இருக்கேன்."

நான் என்ன சொன்னேன்? "இரு, இரு, பேனா எடுத்துக்கிடுதேன்" என்றேன். எடுத்துவந்து, இன்னொருதடவை சொல்லச் சொன்னேன். சொன்னான். மெதுவாக, எனக்கு எழுத வசதியாக.

அதுதான் 'சிரிப்பைக் காணோம்'. தம்பி காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுக்கிறான். ஏட்டு கேட்கிறார், காணாமல் போனதற்கு அங்க அடையாளம் என்ன? இடது கன்னத்தில் குழி. கடைசியாக எங்கே பார்த்தீர்கள்? அக்கா வீட்டில், சொதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில். பதினாறு வருஷத்தில் அதற்கு வந்த அளவுக்கு வாசகர் கடிதம் எதற்கும் வந்ததில்லை. நானே கவுன்டரில் முத்திரை குத்தி எனக்கே எடுத்துவந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை அதை அவனுக்கு வாசித்தேன். முடியும்வரை சத்தமே இல்லை. நிமிர்ந்து, "எங்கலே சிரிச்ச?" என்றேன். கை கழுவப் போயிருந்தான். "எல்லா எடத்துலயுந்தான்" என்றான், குழாயடியிலிருந்து. சட்டப்படி அந்த வாரம் படம் கிடையாது. ஆனால் படம் வந்தது. அதற்குப் பிறகும் ஏழு வாரம், ஏழு படம். ஏழுக்கும் சிரித்தான்.

கரையான் கிடையாது. அந்த இதழ் பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறது.

ஜூலை 26, சனி

எடுத்துப் பார்த்தேன். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்தப் படத்தை இன்றுதான் முதல்முறையாக ஒழுங்காகப் பார்க்கிறேன். இதழ் வந்த அன்று, அச்சில் என் பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருப்பேன்.

காவல் நிலையம். ஏட்டு பேனாவோடு முழித்துக்கொண்டிருக்கிறார். புகார் கொடுக்க வந்தவனின் நாற்காலி காலி. மூலையில் பெஞ்சுக்கு அடியில் முழங்கால் போட்டுக் குனிந்து, கையில் டார்ச்சோடு ஒருத்தி தேடிக்கொண்டிருக்கிறாள். மூக்கு முதலில் உள்ளே போயிருக்கிறது.

நான் எழுதின கதையில் அக்கா காவல் நிலையத்துக்கு வரவே இல்லை. வீட்டில் சொதி கிண்டுகிறாள். கிதியோனாகத்தான் அவளைக் கூட்டிவந்திருக்கிறான். இவள் தேடுவாள் என்று நினைத்தானா, தேடு என்று சொன்னானா, மூக்கு இல்லாமல் படம் நிறையாது என்று போட்டானா, கேட்க ஆள் இல்லை. நான் தேடவில்லை. எனக்குத் தெரிகிறது. ஆனால் அவன் என் கையில் டார்ச் கொடுத்து, அதை எரியவும் விட்டிருக்கிறான்.

மூக்கைப் பார்த்து முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் மற்றது. வீட்டுக்காரர் எட்டிப்பார்த்தார். விசிலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

ஜூலை 28, திங்கள்

இதழை எடுத்துக்கொண்டு சுகிர்தாவிடம் போனேன். பேனா எடுத்த கதையைச் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை வரையும்போது நான் பக்கத்துல இருந்தேன் மதினி. அந்த மாசத்துல அன்னைக்குத்தான் கொஞ்சம் தெளிவா இருந்தாவ. 'எங்க அக்கா மூக்குக்கு மட்டும் அரை பாட்டில் மை ஆவுது'ன்னாவ." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எங்கிட்டயும் சொன்னாவதான். டாக்டர பாப்பமான்னேன். ஸ்கூல்ல பரீட்சை முடியட்டும்னாவ. நானும் சரின்னு விட்டுட்டேன். நான் பேனா எடுக்கல, அவ்வளவுதான்."

பெர்சிஸ் கேட்டதைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"கல்யாணத்துக்கு நிக்க பிள்ள மதினி. நாளைக்கு ஒருத்தன் கேட்டு வந்தா என்ன சொல்ல?"

"இப்ப ஊருல அவளுக்கு ரெண்டு வியாதி சுகிர்தா. ஒண்ணு இல்லாதது. இன்னொண்ணு இருக்கான்னு கேக்கவே முடியாதது."

"அன்னைக்கு நான் எதுக்குப் பயந்தேன் தெரியுமா? கல்லறைத் தோட்டத்துல எடம் கொடுக்க மாட்டாவளோன்னுதான். அதுக்காகத்தான் வாயில மாரடைப்புன்னு வந்துது."

"ஐயரவாளுக்குத் தெரியாதாக்கும்?"

"அன்னைக்கே தெரியும். ஒண்ணுமே கேக்கல. கூட நின்னு குழியில மண்ணு போட்டாவ." இதழை மூடி என்னிடம் நீட்டினாள். "எழுதுங்க மதினி. ஆனா மொத வரியில வேண்டாம். ரெண்டாவது வரியில எழுதுங்க."

ஜூலை 31, வியாழன்

காலையில் முதலில் இருதய டாக்டர்.

"டாக்டர், போன தடவை சொன்னதெல்லாம் பொய். அவ அப்பாவுக்கு இருதய நோய் கிடையாது."

"சரிம்மா. அந்தப் பெரியப்பா?"

"எனக்குப் பெரியப்பாவே கிடையாது டாக்டர்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு பழைய சீட்டைக் கிழித்துப் புதியது எழுதினார். வேறு ஒரு டாக்டர் பெயரையும் அதே தாளில் எழுதித் தந்தார்.

சாயங்காலம் அந்த மனநல மருத்துவரிடம் போனோம். முன்னறையில் பதிவு செய்கிற பெண், குடும்பத்தில் யாருக்காவது ஏதாவது உண்டா என்று கேட்டாள். பெர்சிஸ் என்னைப் பார்த்தாள். நான் என் வாயைப் பார்த்துக்கொண்டேன்.

"அவ அப்பா, என் தம்பி. தற்கொலை" என்றேன்.

அந்தப் பெண் எழுதிக்கொண்டு, "ஒக்காருங்க, கூப்பிடுவாங்க" என்றாள். அவ்வளவுதான். கூரை அதே இடத்தில்தான் இருந்தது.

பெர்சிஸ் உள்ளே முக்கால் மணி நேரம் இருந்தாள். முடிவில் என்னையும் கூப்பிட்டார்கள். டாக்டர் அம்மா சொன்னார்: அப்பாவுக்கு வந்ததால் மகளுக்கும் வந்தே தீரும் என்றில்லை, கவனமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது அவளுக்கு இருக்கிற சோர்வு வைத்தியத்துக்குக் கேட்கிற சோர்வு. பத்து நாளைக்கு ஒருமுறை வர வேண்டும். "வீட்டுல யார்கிட்டயாவது பேசுவியா?" என்று கேட்டதற்கு இவள் என் பக்கம் திரும்பினாள்.

"இவங்க நல்லாப் பேசுவாங்க டாக்டர்" என்றாள்.

எனக்கு நன்றாகவே உறைத்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

புத்தகம் அச்சுக்குப் போயிற்று. முப்பது என்றது முப்பத்தொன்றாகிவிட்டது.

ஆகஸ்ட் 9, சனி

கோயில் நிறையக் கூட்டம். ஜெபம் முடிந்ததும் ஐயரவாள், "எப்சிபாய் அம்மா, நீங்களே வாசிச்சிருங்க" என்றார். புத்தகத்தை விரித்து நின்றேன். பெர்சிஸ் முன்வரிசையில் அம்மா பக்கத்தில் இருந்தாள்.

வாசித்தேன்: "இந்தப் புத்தகத்தில் உள்ள மூக்குகளுக்கு நானே முழுப் பொறுப்பு. என் தம்பி கிதியோன் போன வருஷம் இதே நாளில் தற்கொலை செய்துகொண்டான். அவனுக்கு மாரடைப்பு என்று சொல்லிவந்தோம். அவன் இருதயம் நன்றாக இருந்தது என்பதற்கு, பதினாறு வருஷம் என் சமையலைத் தாங்கியதே சாட்சி."

இரண்டாவது வரியில் ரெஜினா டீச்சர் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சுகிர்தா குனிந்துகொண்டாள். நான்காவது வரியில் பெர்சிஸ் சிரித்தாள். சத்தமாக, கோயில் என்றும் பாராமல், இடது கன்னத்துக் குழியோடு. சட்டப்படி படம் அந்த இடத்தில்தான். போட ஆளில்லை. நான் ஒரு நிமிஷம் நிறுத்தி, மேலே வாசித்தேன்.

வெளியே வந்ததும் சாமிதாஸ் தயங்கித் தயங்கி வந்தார். "அப்ப நாளைக்கு நாங்க நடக்கணுமா, வேண்டாமா?"

"நடங்க" என்றேன்.

ரெஜினா டீச்சர் கூட்டம் கலையும்வரை காத்திருந்தாள். என்னைப் பூவரச மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இன்றைக்குக் கொழுப்பைப் பற்றிப் பேசவில்லை.

"எங்க பெரியண்ணனும் அப்படித்தான் எப்சி. முப்பது வருசமா பாம்பு கடிச்சுதுன்னு சொல்லிட்டு இருக்கோம். எங்க வீட்டுப் பிள்ளையள் இன்னும் கொல்லைப்புறத்துக்குப் போறதே இல்ல, தெரியுமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அண்ணன் பெயர் என்ன என்று கேட்டேன். இருபது வருஷமாகப் பழக்கம், அவளுக்கு ஒரு பெரியண்ணன் இருந்ததே எனக்குத் தெரியாது. இவ்வளவு பெரிய மூக்கை வைத்துக்கொண்டு என்ன பிரயோஜனம்?

ஆகஸ்ட் 14, வியாழன்

பயிற்சி முடிந்து நேராக பெர்சிஸ் வந்தாள், முழங்காலில் மண்ணோடு. அவள் அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தாள். இப்போது அவளுக்குத் தெரியும், நான் சொல்லியிருக்கிறேன்.

"டார்ச்ச எங்க அத்தை வச்சிருக்கிய?" என்றாள், என் மூக்கைப் பார்த்து.

அப்புறம் பேசினாள். ஒரு மணி நேரத்துக்கு மேல். நடுவில் இரண்டு இடத்தில் எனக்கு அருமையான நகைச்சுவை தொண்டைவரை வந்தது. சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

அவள் என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. பேனா அலமாரியிலேயே இருந்தது.

சொதி மீந்துபோகவில்லை. சட்டியை வழித்துச் சாப்பிட்டாள்.